42,500 ரூபாவுக்கு மாக்கஞ்சி குடிச்சிருக்கன் – மட்டக்களப்பு ஆக்கள் கவனம்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க. 42,500 ரூபா. மனிசி சீட்டுப் போட்டுச் சேத்த சல்லி.

பேர் போடல்ல. டவுனுக்குள்ள ஒரு ஜிம், அதோட ஒட்டினாப்போல புரதப் பவுடர் டின் விக்கிற கடை, ரெண்டும் ஒரே ஆள்ர.

எனக்கு 38 வயசு, நிறை 91 கிலோ. பின்னேரத்தில கல்லடிப் பழைய பாலத்தில நடந்து நடந்து ரெண்டு கிலோதான் இறங்கிச்சு. அந்த ஜிம்முக்குப் போன முதல் நாள், மத்த இடங்கள் மாதிரி முதலாளிப் பொடியன் உடனே தராசில ஏத்தல்ல. கதிரையப் போட்டு இருக்கச் சொல்லி, பிள்ளைகள விசாரிச்சான். பிறகு என்ர மேல்கையப் புடிச்சுப் பாத்திட்டுச் சொன்னான்: "அண்ணன், தராசப் பாக்காதீங்க. நிறை அப்படியே நிண்டாலும் இடுப்பு இறங்கினாச் சரி. பட்டினி கிடந்தாக் கொழுப்போட தசையும் சேந்து போயிடும். சாப்பாட்டக் கொஞ்சமாக் குறைச்சு, பாரம் தூக்கி, புரதத்தக் கூட்டுவம். புதுசாத் தூக்குற ஆக்களுக்குக் கொழுப்பு இறங்குறதும் தசை ஏறுறதும் ஒண்டா நடக்கும்."

இதில ஒரு சொல்லும் பொய்யில்ல. அதுதான் வயிறெரியுது. வீட்ட வந்து தேடிப் படிச்சன், எல்லாம் அவன் சொன்னபடியே இருந்திச்சு. படிச்ச பொடியன், நம்மட ஊர்ப் பொடியன் எண்டு அடுத்த நாளே போய் எண்ணிக் குடுத்தன். 12 கிழமை பயிற்சிக்கு 24,000, ரெண்டு டின் பவுடருக்கு 18,500. பில் கேட்டதுக்கு விசிட்டிங் கார்ட்டின்ர பின்பக்கம் தொகைய எழுதி ஒரு கையெழுத்து. அதையும் பல்லக் காட்டிக்கொண்டு வாங்கிட்டு வந்தன், மடையன்.

பிறகு நடந்தது எல்லாம் அவன் சொன்னதுக்கு நேர் எதிர். வட்ஸ்அப்பில சாப்பாட்டு அட்டவணை வந்திச்சு. காலையில முட்டை வெள்ளைக்கரு ரெண்டு, பகல் வெள்ளரிக்காய், இரவு சூப், ரெண்டு கரண்டி பவுடர். சோறு, மீன், தயிர் ஒண்டும் இல்ல. மேல தலைப்பு என்ன தெரியுமா? "மணமகள் 30 நாள் ஸ்பெஷல்". எனக்கு ரெண்டு பிள்ளை!

ஒரு கிலோ நிறைக்கு 1.6 கிராம் புரதம் எண்டு அவன்தான் சொன்னவன். என்ர நிறைக்கு ஒரு நாளைக்கு 145 கிராம் வரும். அந்தப் பவுடர் உண்மையானதா இருந்தாலும் இந்த அட்டவணையில பாதியும் தேறாது. ஜிம்முக்குப் போனா ஒரு மணித்தியாலம் ட்ரெட்மில். பாரத்தக் கூட்டித் தாடா தம்பி எண்டா, "பொறுங்க அண்ணன்" எண்டு போன நோண்டுவான். ரெண்டாம் கிழமை 12 கிலோ டம்பெல்லப் பத்துத் தரம் தூக்கின நான், ஒம்பதாம் கிழமை 8 கிலோவுக்கு மூச்சு வாங்கினன். நிறை 7 கிலோ இறங்கினது உண்மை. கை வத்திப் போச்சு, வயிறு அப்படியே இருக்கு.

பவுடர் புடிபட்டது மனிசியால. சளி எண்டு சுடுதண்ணியில கரைச்சுத் தந்தா. கோப்பைக்குள்ள களி மாதிரி இறுகிட்டு, போஸ்டர் ஒட்டலாம். மச்சாள் சயன்ஸ் டீச்சர். அயடீன் ரெண்டு துளி விட்டா, கருநீலம். ஓ.எல். பொடியனுக்கும் தெரியும் அது மாப்பொருள் எண்டு. 18,500க்கு மா!

கேக்கப் போனா முதல், "சேர் கொழும்புக்குப் போயிட்டார்". அடுத்த கிழமை, "மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிய வாங்க". முடியப் போனன். "டின் உடைச்சாச்சு, திருப்பி எடுக்க ஏலாது அண்ணன்." அயடீன் கதையச் சொன்னா, "உங்கட மெட்டபொலிசம் ஸ்லோ" எண்டான். மாவுக்கும் என்ர மெட்டபொலிசத்துக்கும் என்னடா சம்பந்தம்? அண்டைக்கு இரவு நம்பர புளொக் பண்ணிட்டான். 42,500!

எப்பிடி இதுகளில மாட்டாம இருக்கிறது எண்டு விரிவா எழுதத்தான் தொடங்கின, இப்ப முடியல்ல. கடை முத்திரையோட பில் இல்லாட்டி ஒரு சதமும் குடுக்காதீங்க. டின்னில இறக்குமதி செஞ்ச ஆக்கள்ர பேரும் ரூபாயில விலையும் இருக்கா பாருங்க, என்ர டின்னில ரெண்டும் இல்ல. 12 கிழமைக் காச ஒரே நாளில கட்டாதீங்க. முட்டையும் பருப்பும் சூடை மீனும் போதும். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடிச்சுச் சொல்லலாம், நான் நாளைக்குக் காலையில அடிக்கப் போறன், கார்ட் மட்டும்தான் கையில.

இப்ப மனிசிட போனில பாத்தன், ஸ்டோரி போட்டிருக்கான். புது பெச்சுக்கு ரெண்டு இடம்தானாம் மிச்சம்.