சுங்கை சிப்புட்டில் மாதச் சாப்பாடு: பசி தெரியாதவனின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள ஒட்டுக்கடை (சிறிய சாப்பாட்டுக் கடை) ஒன்று மாதக் கணக்கில் தூக்குச்சட்டிச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறது. ஐந்து மாதங்களாக வாங்கி வருகிறேன். ருசிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஆறுதான் போடுவேன். ஆனால் நான் அங்கே பணம் கட்டுவது ருசிக்காக அல்ல.

எனக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு இருப்பது 34 வயதில்தான் உறுதியானது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, காலையில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்ட பிறகே நான் பசியாறவில்லை என்பது எனக்கு நினைவுக்கு வரும். செம்பனை ஆலையின் எடைமேடை அறையில் குலை ஏற்றி வரும் லாரிகளின் கணக்கில் மூழ்கிவிட்டால் பகல் போனதே தெரியாது. இரவு ஒன்பது மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், அகப்பட்டதையெல்லாம் வயிறு வலிக்கும் வரை தின்றுவிட்டு, பிறகு அதை எண்ணிக் கூசிப் படுத்திருப்பேன். வீட்டில் இதற்கு வைத்திருந்த பெயர் சோம்பல்; மாமா ஒருவர் வைத்த பெயர் நாக்கு நீளம்.

இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பசி, தாகம் போன்ற உடலின் உள்ளறிகுறிகள் உரிய நேரத்தில் எட்டுவதில்லை. எட்டினாலும், என்ன சமைப்பது என்று முடிவெடுத்து, சாமான் வாங்கி, நறுக்கி, அடுப்பேற்றுவது வரையிலான படிகளை வரிசையாகச் செய்து முடிப்பது அவர்களுக்குப் பெரும் பாரமாகிவிடுகிறது. உந்துதலை நிறுத்திப் பிடிக்கும் ஆற்றலும் குறைவு என்பதால், கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறு இவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்து இதில் இன்னொரு முடிச்சைப் போடுகிறது: நான் உட்கொள்ளும் மெத்தில்பெனிடேட் பகல் பசியை அடக்கிவிடும், அதன் வேகம் மாலையில் இறங்கியதும் நாள் முழுவதற்குமான பசி ஒன்றாகத் திரண்டு வரும்.

உதவி தேடிப் போக நான் தாமதித்ததற்குக் காரணம், பேராக்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதிலிருந்து அந்த ஊரின் பெயரே எங்களிடம் வசைச்சொல்லாகிவிட்டது. கடைசியில் ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் பார்த்தேன். அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினார்கள், அவர் உணவியல் நிபுணரிடமும் அனுப்பினார். உணவியல் நிபுணர் என்னிடம் எடையைக் குறைக்கும்படி சொல்லவேயில்லை. பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்பிச் சாப்பிட வேண்டும், மாத்திரைக்கு முன் பசியாறிவிட வேண்டும், பகல் வேளையைத் தவற விடாமல் கொஞ்சமாவது உண்ண வேண்டும், இரவில் அளவு மீறினாலும் மறுநாள் பட்டினி கிடக்கக் கூடாது என்றார். சொல்வது எளிது, பகல் பன்னிரண்டரைக்கு எனக்கு யார் சமைத்துத் தருவார்?

இந்த இடத்தில்தான் ஒட்டுக்கடை அக்கா வருகிறார். ஒரு வேளைக்கு 8 ரிங்கிட், மூன்றடுக்குத் தூக்குச்சட்டி, ஞாயிறு விடுமுறை. சோறு, ஒரு குழம்பு, ஒரு பிரட்டல், ஒரு கீரை அல்லது காய். கொண்டுவரும் பையன் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போவதில்லை. நான் கையில் வாங்கும் வரை நிற்பான். இது நான் கேட்டுக்கொண்ட ஏற்பாடு. ஏன் என்று அக்கா விசாரிக்கவில்லை, "சரி தம்பி" என்றதோடு முடிந்தது. வெண்டைக்காயின் வழுவழுப்பு எனக்குத் தொண்டையில் இறங்காது. அதையும் மேலடுக்கில் தனியாக வைக்கச் சொன்னேன், வைக்கிறார். திங்களன்று வந்த குழம்பே புதனன்றும் வருகிறது என்று சில வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கோ, மூடியைத் திறக்குமுன் உள்ளே இருப்பது தெரிந்துவிடுவது பெரிய நிம்மதி.

குறைகள் இல்லாமலில்லை. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கும். சோறு இருவருக்குக் காணும். மருந்தின் வேகத்தில் இருப்பவனுக்கு அந்தக் குவியலைப் பார்த்ததுமே வெறுத்துவிடும் என்பதால் அரைச்சோறு என்று சொல்லிவைப்பது நல்லது. விலை குறையாது. பெரிய குறை, விடுமுறையை முன்கூட்டிச் சொல்லாதது. தைப்பூசத்துக்கு முதல் நாள் கடை திறக்கவில்லை, செய்தியும் வரவில்லை. நான் வராத சட்டிக்காக இரண்டு மணி வரை காத்திருந்து, அப்புறம் மறந்தே போய், இரவு பத்தரைக்கு மூன்று பொட்டலம் மேகி மீயை ஒன்றாக வேகவைத்துத் தின்றேன். மறுநாள் இதை அக்காவிடம் சொன்னபோது வருந்தினார். அதன் பிறகு விடுமுறைக்கு முதல் நாளே வாட்ஸ்அப்பில் தகவல் வந்துவிடுகிறது. நானும் எடைமேடை மேசை இழுப்பறையில் ரொட்டியும் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டேன்.

சாப்பாடு நேரத்துக்கு வருவது சிகிச்சை ஆகாது. மாத்திரையின் அளவை மருத்துவர்தான் மாற்றினார், இரவு நேரத்து அவமான உணர்வைப் பற்றிப் பேச ஆலோசகரிடம்தான் போனேன், இன்னும் போகிறேன். வாரத்தில் நான்கு இரவு அளவு மீறித் தின்றது இப்போது ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து இரவுச் சாப்பாட்டையும் ஏழு மணிக்குக் கொண்டுவர முடியுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பையனுக்கு டியூஷன் இருப்பதால் செவ்வாய், வியாழன் மட்டும் முடியாதாம்.