பில்லி வைல்டர் படங்களில் எது முதல்? 'தி அபார்ட்மெண்ட்' பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பலரும் 'சன்செட் பூலவார்ட்' (1950) என்றோ 'சம் லைக் இட் ஹாட்' (1959) என்றோதான் தொடங்குவார்கள். என் பட்டியலில் முதலிடம் 'தி அபார்ட்மெண்ட்' (1960). அடுத்து 'டபுள் இண்டெம்னிட்டி' (1944). 'சன்செட் பூலவார்ட்' மூன்றாவதாகத்தான் வருகிறது. அண்மையில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்க்க வைல்டர் படம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் யோசித்து 'தி அபார்ட்மெண்ட்' போட்டேன். ஏன் அது, மற்றவை ஏன் பின்தங்கின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை. பார்க்காதவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

வைல்டரைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த சங்கதிகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 1906இல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில், இன்றைய போலந்தில் பிறந்தவர். வியன்னாவிலும் பெர்லினிலும் பத்திரிகையாளராக இருந்து, பிறகு திரைக்கதைக்கு வந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டுப் பாரிசுக்கும், அங்கிருந்து ஹாலிவுட்டுக்கும் போனார். போட்டிப் பிரிவுகளில் ஆறு ஆஸ்கர் வாங்கினார், அதில் மூன்று 'தி அபார்ட்மெண்ட்' ஒன்றுக்கே. வசனக் கூர்மையைப் பொறுத்தவரை அவருடைய எந்த நல்ல படமும் இன்னொன்றுக்குச் சளைத்ததில்லை. அதை அளவுகோலாக வைத்தால் வரிசையே வராது.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு. முடிவு தெரிந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பார்த்தால் படம் எவ்வளவு தருகிறது? வைல்டர் படங்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். ஒரு பொருளை முன்னால் சாதாரணமாகக் காட்டிவிட்டு, பின்னால் அதையே எடுத்துக் கதையைத் திருப்புவது அவருக்குக் கைவந்த கலை. இப்படிக் கட்டப்பட்ட படங்களில் முடிச்சு அவிழ்ந்ததும் சரக்கு தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு.

அந்த ஆபத்தில் சிக்கியதற்கு 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' (1957) நல்ல உதாரணம். அகதா கிறிஸ்டியின் கதை. முதல் தடவை பார்க்கிறவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். படம் முடிந்ததும் ஒரு குரல், முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும். படத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வேண்டுகோளே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறுமுறை பார்க்கும்போது வக்கீலாக வரும் சார்ல்ஸ் லாட்டனும் நர்ஸாக வரும் எல்சா லான்செஸ்டரும் போடும் சண்டைகள் மட்டும் அப்படியே இனிக்கின்றன. இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி. மற்ற நேரமெல்லாம் தெரிந்த முடிவுக்காகக் காத்திருப்பதுதான்.

இப்போது 'தி அபார்ட்மெண்ட்'. நியூயார்க்கில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி. அங்கே ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களில் ஒருவன் பேக்ஸ்டர் (ஜாக் லெமன்). மேலதிகாரிகள் மனைவிக்குத் தெரியாமல் பெண்களைச் சந்திக்கத் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறான். அவர்கள் பதிலுக்கு அவனுடைய பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். லிஃப்ட் இயக்கும் ஃப்ரான் (ஷெர்லி மெக்லைன்) மேல் அவனுக்கு ஆசை. அவளோ கம்பெனியின் பெரிய அதிகாரி ஷெல்ட்ரேக்கின் (ஃப்ரெட் மெக்மரே) காதலி. அவர்கள் சந்திப்பதும் பேக்ஸ்டர் வீட்டில்தான். இதைப் பார்க்கிற நாம் முதலில் தெரிந்துகொள்கிறோம், அவனுக்கு அப்புறம்தான் தெரியவருகிறது.

எப்படித் தெரியவருகிறது என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒரு பெண் தன் வீட்டில் விட்டுப்போன பவுடர் டப்பாவை அவன் ஷெல்ட்ரேக்கிடம் திருப்பிக் கொடுக்கிறான். உள்ளே இருக்கும் கண்ணாடி உடைந்திருக்கிறது. பிறகு கிறிஸ்துமஸ் விருந்து நாளில், புதிதாக வாங்கிய தொப்பி தனக்கு எடுப்பாக இருக்கிறதா என்று ஃப்ரானிடம் கேட்கிறான். பார்த்துக்கொள் என்று அவள் தன் பவுடர் டப்பாவை நீட்டுகிறாள். அதே விரிசல். கண்ணாடி உடைந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறான். தெரியும், எனக்கு அப்படியே பிடித்திருக்கிறது, என் மனசு மாதிரியே முகத்தையும் காட்டுகிறது என்று அவள் பதில் சொல்கிறாள். அழுகை, கத்தல், விளக்கம் எதுவும் கிடையாது.

முதல் தடவை இந்தக் காட்சியில் நம் பார்வை பேக்ஸ்டர் முகத்தில்தான் இருக்கும். அடுத்த தடவை எனக்கு ஃப்ரான் முகத்தை விட்டுக் கண் நகரவில்லை. அதற்குச் சற்று முன்தான் ஷெல்ட்ரேக்கின் செக்ரெட்டரி, அவருக்கு முன்பு இருந்த காதலிகளின் கதையை அவளிடம் கொட்டியிருக்கிறாள். ஆக, ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் உடைந்துபோய் நிற்கிறார்கள். ஒருவர் உடைந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. முதல் பார்வையில் பாதிக் காட்சியைத்தான் பார்த்திருந்தேன். தொப்பியைக்கூட மறுபடி கவனித்தேன். லிஃப்டில் எனக்காகத் தொப்பியைக் கழற்றுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று ஃப்ரான் முன்பே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பதவி உயர்வின் பெருமையைக் காட்ட எடுத்து வருவதும் இன்னொரு தொப்பியைத்தான்.

சாவிக்கும் இதே கணக்கு. படம் முழுக்க வீட்டுச் சாவி கைமாறிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் பெரியம்மா பாதிப் படத்தில், "இவன் எப்பதான் சாவியைக் குடுக்க மாட்டேன்னு சொல்வான்?" என்று கேட்டுவிட்டார். படம் கேட்க வைக்கிற கேள்வியே அதுதான். கடைசியில் ஷெல்ட்ரேக் சாவி கேட்கும்போது பேக்ஸ்டர் ஒரு சாவியைக் கொடுக்கிறான். அது அதிகாரிகளுக்கு மட்டுமான கழிப்பறையின் சாவி. எதற்காக இவ்வளவு காலம் தன்னை விற்றானோ அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். பெரியம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் தேர்ந்தெடுத்தது சரி என்று எனக்குத் தோன்றியது.

முடிவும் தெரிந்த பிறகு இன்னும் கனக்கிறது. முன்னொரு காலத்தில் காதலில் தோற்றுத் துப்பாக்கியை எடுத்து, கடைசியில் தன் முழங்காலைச் சுட்டுக்கொண்ட கதையை பேக்ஸ்டர் ஃப்ரானிடம் சொல்லியிருக்கிறான். தற்கொலைக்கு முயன்று பிழைத்த அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது அது. புத்தாண்டு இரவில் அவள் அவனைத் தேடி ஓடிவரும்போது வீட்டுக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்கிறது. கதவு திறந்தால் அவன் கையில் ஷாம்பெயின் பாட்டில், நுரை வழிகிறது. முதல் தடவை ஒரு கணம் திக்கென்று ஆகும், அப்புறம் சிரிப்பு வரும். ஒன்றும் ஆகாது என்று தெரிந்து பார்க்கையில், மாடிப்படியில் ஓடும் ஃப்ரானின் பயத்தில்தான் அவளுடைய காதல் முழுதாகத் தெரிகிறது. கதவு திறந்தபிறகு அதைப் பற்றிப் பேசக்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை, சீட்டுக்கட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு மேலதிகாரிகளின் ஆரவாரம் ஓரிரு இடங்களில் நீளுகிறது. ஃப்ரான் பிழைத்த உடனேயே நகைச்சுவைக்குத் திரும்பும் வேகம் சிலருக்கு உறுத்தலாம். வீட்டை வாடகைக்கு விடுவதுபோல் மனசாட்சியை விடுகிற ஒருவனை நாயகன் என்று ஏற்க மனம் வராதவர்களும் இருப்பார்கள். எனக்கு அவன்மேல் வந்த கோபமே படத்தோடு என்னைக் கட்டிப்போட்டது.

'டபுள் இண்டெம்னிட்டி'யும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கதைதான், அதிலும் ஃப்ரெட் மெக்மரேதான். ஜேம்ஸ் எம். கெயினின் நாவலை வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து திரைக்கதை ஆக்கினார்கள். ஏஜெண்ட் நெஃப், பிலிஸ் (பார்பரா ஸ்டான்விக்) என்ற பெண்ணோடு சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, விபத்து என்று காட்டி இரட்டைத் தொகை வாங்கத் திட்டம் போடுகிறான். கொன்றது நான்தான் என்று படம் தொடங்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவிடுகிறான். காப்பாற்ற வேண்டிய ரகசியம் பெரிதாக எதுவும் இல்லாததால், மறுமுறை இழப்பும் அதிகம் இல்லை. கொலைத் திட்டத்தின் பரபரப்பு அடங்கியபிறகு, மோசடிகளைக் கண்டுபிடிக்கும் கீஸ் (எட்வர்ட் ஜி. ராபின்சன்) மேல் நெஃப் வைத்திருக்கும் அன்பு மேலே வருகிறது. கீஸிடம் ஒருபோதும் தீக்குச்சி இருக்காது, ஒவ்வொரு தடவையும் நெஃப்தான் சுருட்டு பற்றவைத்துவிடுவான். குண்டடி பட்டு வாசலில் கிடக்கும் நெஃப்பின் சிகரெட்டுக்குக் கடைசியில் கீஸ் நெருப்பு வைக்கிறார். விஷவாயு அறையில் மரண தண்டனை நிறைவேறுவதுபோல் ஒரு முடிவையும் எடுத்து, பிறகு வெட்டிவிட்டார் வைல்டர். வெட்டியது மிகச் சரி. இந்தப் படம் இரண்டாமிடத்தில் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். பிலிஸ் எனக்கு மனுஷியாகத் தெரிவதில்லை, பொறியாகவே தெரிகிறாள்.

'சன்செட் பூலவார்ட்' மூன்றாவது என்பதற்குச் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம் கதை சொல்லும் தொடக்கம், மாளிகையில் ஒதுங்கி வாழும் பழைய மௌனப்பட நட்சத்திரமாக குளோரியா ஸ்வான்சன், அவரை மௌனப்பட நாட்களில் நிஜமாகவே இயக்கிய எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைமையே வேலைக்காரனாக நடிக்க வைத்தது, எல்லாம் சரி. ஆனால் மறுபடி பார்க்கும்போது, பிணமாக மிதக்கும் அந்த ஜோ கில்லிஸின் பின்குரல் என்னைத் தள்ளி நிறுத்துகிறது. காட்சியே சொல்லிவிட்டதை அவன் இன்னொரு தடவை அழகாகச் சொல்கிறான். உடைந்த கண்ணாடியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் வைல்டரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் படத்தை நான் சிறிய திரையில்தான் பார்த்திருக்கிறேன். அந்த மாளிகையின் பிரம்மாண்டத்தைத் தியேட்டரில் பார்த்தால் வரிசை மாறவும் கூடும்.

'சம் லைக் இட் ஹாட்' நான்காவது. சிரிப்புக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, கடைசி வசனமும் உலகப் புகழ் பெற்றது. கூட்டத்தோடு பார்த்தால் பிரமாதம், தனியாகப் பார்த்தால் கொஞ்சம் குறைகிறது. ஐந்தாவது 'ஏஸ் இன் தி ஹோல்' (1951). குகையில் சிக்கிய ஒருவனைச் சீக்கிரம் மீட்கவிடாமல் செய்தியாக்கி விற்கும் பத்திரிகையாளனாக கிர்க் டக்ளஸ். வெளிவந்தபோது ஓடவில்லை, இன்றைக்குத்தான் அதன் உண்மை முகத்தில் அறைகிறது. ஆனாலும் அந்தக் கசப்பை மறுபடி தேடிப்போக எனக்கு மனம் வருவதில்லை. என் அளவுகோலுக்கு அதனால்தான் பின்தங்கியது, தரத்தால் இல்லை.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'தி லாஸ்ட் வீக்எண்ட்' (1945), வில்லியம் ஹோல்டனுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் பெற்றுத்தந்த 'ஸ்டாலாக் 17' (1953), 'சப்ரினா' (1954) மூன்றும் அடுத்த வரிசை. 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' (1970) நீளமாக எடுக்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன் பெரும் பகுதிகள் வெட்டப்பட்ட படம். மிஞ்சியதை வைத்து இடம் கொடுப்பது நியாயமாகத் தோன்றவில்லை. எழுபதுகளின் மற்ற படங்களை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், அவற்றை இந்த அளவுகோலால் எடைபோட முடியாது.

'தி அபார்ட்மெண்ட்' பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அது அகலத்திரையில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். அந்த முடிவில்லாத ஆபீஸ் வரிசைக்காக, கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் ட்ரானர் பின்னே போகப்போகச் சிறிய மேஜைகளைப் போட்டு, சிறிய உருவம் உள்ளவர்களை உட்கார வைத்தார். பக்கங்களை வெட்டிச் சதுரமாக்கிய பிரதியில் அந்தக் கூட்டமும் அதில் பேக்ஸ்டரின் தனிமையும் பாதியாகிவிடும். முழு அகலத்தில் கிடைக்கிற பிரதியாகத் தேடிப் பாருங்கள்.