ஆப்பிள்கிராஸுக்குப் போக மலைச்சாலையா, கடலோரச் சாலையா?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில், ராசே, ஸ்கை தீவுகளுக்கு எதிரே இருக்கும் ஆப்பிள்கிராஸ், 673ஆம் ஆண்டில் புனித மெல்ருவா மடம் நிறுவிய ஊர். கேலிக் மொழியில் அதன் பெயருக்குப் புகலிடம் என்று பொருள். காரில் அங்கே செல்ல இரண்டே சாலைகள்தாம். சென்ற ஏப்ரல் இறுதியில் அம்மாவுடன் மலைச்சாலையில் போய்க் கடலோரமாகத் திரும்பினேன். முதன்முறை செல்பவருக்குக் கடலோரச் சாலையையே சொல்வேன்.

1822இல் போடப்பட்ட மலைச்சாலைக்குப் பியாலக் ந பா, அதாவது மாடுகளின் கணவாய், என்று பெயர். 18 கி.மீ. தூரத்துக்குள் அது கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறி மீண்டும் கடலுக்கே இறங்குகிறது. உச்சியில் எங்களைப் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டதால், அங்கிருந்து தெரியும் காட்சியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் காட்சியன்று, பின்னோக்கி ஓட்டுவது. இரண்டுமே ஒற்றைத் தடச் சாலைகள். ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்தும், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நின்றும் எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் இயன்றவரை வழிவிடுவதே முறை என்றாலும், கொண்டை ஊசி வளைவுக்குச் சற்றுக் கீழே எங்களை எதிர்கொண்ட பெரிய வண்டிக்குப் பின்னால் நான்கு கார்கள் நின்றதால், செங்குத்தான அந்தச் சரிவில் நான்தான் பின்னோக்கி இறங்க நேர்ந்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கடலோரச் சாலையிலும் பின்வாங்க வேண்டி வந்தது, இரண்டு முறை. அங்கே சரிவு குறைவு. பல இடங்களில் எதிரே வரும் வண்டி தொலைவிலேயே தெரிந்துவிடுவதால், முன்கூட்டியே ஒதுங்கி நிற்கவும் முடிகிறது. மேடுகளுக்கு அப்பால் மட்டும் எதுவும் தெரியாது. குட்டி ஈன்ற ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும் பருவம் என்பதால் அங்கே மெதுவாகத்தான் ஏற வேண்டும். சுற்றி வருவதால் நேரமும் கூடுதலாகும். 1970களில் இந்தச் சாலை முழுமையாகும்வரை வடகரைச் சிற்றூர்களுக்குப் படகும் நடைபாதையுமே துணையாக இருந்தன என்பதை நினைத்துக்கொண்டு ஓட்டினால் அந்தத் தாமதம் உறுத்தாது. இடைக் கற்கால மனிதர் தங்கிய பாறைக் குடில் இருக்கும் சாண்ட் கடற்கரையும், மஞ்சளாகப் பூத்த கார்ஸ் முட்புதர்களும், நீருக்கு அப்பால் டாரிடன் மலைகளும் இவ்வழியில்தான் இருக்கின்றன. ஊரிலிருந்து வடக்கே கிளம்பும்போது கடல் இடப்பக்கம் வருவதால், ஓட்டாதவரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். அம்மா ஷீல்டேக் என்ற ஊர் வரும்வரை தலையைத் திருப்பவே இல்லை.