பிரிக்ஃபிளாட்ஸ் குவேக்கர் கூடம்: ஒரு மணி நேர மௌனம், அப்புறம் டீ

இங்கிலாந்தின் கம்பிரியாவில் செட்பர் என்று ஒரு சின்ன ஊர், கெண்டலிலிருந்து கிழக்கே சுமார் 10 மைல். ஊரைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் ராத்தி ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு குறுகலான பாதையின் கடைசியில் வெள்ளையடித்த கல் வீடு மாதிரி ஒன்று நிற்கிறது. அதுதான் பிரிக்ஃபிளாட்ஸ், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபாட்டுக்குக் கூடும் இடம். சிலுவை இல்லை, கோபுரம் இல்லை. வாசல் மேல் 1675 என்று ஆண்டு மட்டும். நான் இதுவரை மூன்று ஞாயிறு போயிருக்கிறேன், இனியும் போவேன்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். குவேக்கர்கள் இப்படிக் கூடுவதே அப்போது சட்டப்படி குற்றம், சிறையில் போடுவார்கள். வழிபாட்டுக்கு அனுமதி தந்த சட்டம் வந்ததே 1689-இல்தான். அதற்கு 14 வருடம் முன்னாலேயே துணிந்து கட்டியிருக்கிறார்கள். குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1652-இல் ஒரு பாறை மேல் நின்று பெருங்கூட்டத்துக்குப் பேசிய ஃபர்பேங்க் குன்றும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

உள்ளே முழுக்க மரம்: பெஞ்சு, மாடம், படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் ஒரு சின்ன அடைப்பு, என்னவென்று கேட்டேன், ஆடு மேய்ப்பவர்கள் கூட்டத்துக்கு வரும்போது நாயைக் கட்டி வைத்த இடமாம். மேய்ப்பன் வந்தால் நாயும் கூடவேதான் வரும் என்று தெரிந்து, சாமி கும்பிடும் இடத்துக்குள்ளேயே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிய அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கிறார்கள், யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்று உள்ளே தோன்றினால் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காரலாம், அதற்கு யாரும் பதில் சொல்வதோ மறுத்துப் பேசுவதோ இல்லை. முதல் நாள் கால் மணி நேரத்தில் எனக்குக் கால் மரத்து, மனசு அலுவலக வேலைக்கு ஓடிவிட்டது. அப்புறம் எப்போது அடங்கியது என்றே தெரியவில்லை. வீட்டில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இந்த அமைதி வந்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்து காக்கும் மௌனத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. கடைசியில் இருவர் கைகுலுக்குவார்கள், கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

அப்புறம் டீயும் பிஸ்கட்டும். தயவுசெய்து இதற்கு நில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். உடம்பு சரியில்லாதவர்களின் பெயரைச் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளக் கேட்பது இவர்கள் வழக்கம், 'ஒளியில் வைத்துக்கொள்வது' என்பார்கள். முதல் தடவை போனபோது, திருநெல்வேலியில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருப்பதைச் சொன்னேன். அடுத்து நான் போக ஐந்து வாரம் ஆகிவிட்டது. டீக் கோப்பையைக் கையில் கொடுத்த பாட்டி, என் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "அம்மா இப்போது படி ஏறுகிறார்களா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நிர்வாகமும் இப்படித்தான். ஓட்டெடுப்பே கிடையாது, எல்லோருக்கும் மனசு ஒத்துவரும்வரை பேசி, எழுத்தர் முடிவை அங்கேயே எழுதி வாசித்துக் காட்டுவார், சரி என்றால்தான் அது முடிவு. நேரம் பிடிக்கும்தான். ஆனால் தோற்றவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1928-இல் சென்னை பென்டிங்க் பள்ளிக்கு ஆசிரியராக வந்து, பிறகு காந்தியின் சேவாகிராமத்தில் வேலை செய்து, கோத்தகிரியிலும் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் ஒரு குவேக்கர்.

பிரசங்கமும் பாட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. மற்றவர்கள் தாராளமாகப் போகலாம், எந்த மதம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. பழைய கல் கட்டிடம், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குடித்து முடித்ததும் கோப்பை கழுவ ஒரு கை கொடுங்கள், பாதிப் பேச்சு அந்தத் தொட்டிப் பக்கம்தான் நடக்கிறது.