மாதம் ஒருமுறை வரும் மனநல மருத்துவரா, தினமும் இருக்கும் நர்ஸா?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை வரிசையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலை பாரம், கை கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு, நாலு நாளாக ராத்திரி கண் மூடவில்லை, இப்படித்தான் வருகிறார்கள். டாக்டருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். ஒரு சத்து ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை, அடுத்த ஆள்.

இங்கே மனநல சேவையை விரிவாக்க வேண்டும், ஆனால் பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்திலிருந்து மனநல மருத்துவரை வரவழைக்கலாம். நிலையத்திலேயே இருக்கும் நர்ஸுக்கோ புதிதாகப் போடும் கவுன்சிலருக்கோ பயிற்சி கொடுக்கலாம். அல்லது போனையும் வீடியோவையும் நம்பலாம். எதற்கு முதலிடம்?

நமக்கு அதிகம் பழக்கமானது முதல் வழிதான். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. அதை ஒரு மாவட்ட அளவில் நடத்திக் காட்ட முடியுமா என்று கர்நாடகத்தின் பெல்லாரியில் முயன்று பார்த்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. மனநல மருத்துவர் குறித்த நாளில் ஊருக்கு வருவார், பார்ப்பார், எழுதிக் கொடுப்பார். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. காதில் குரல் கேட்கிறது என்பவருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வதும், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டோஸை மாற்றுவதும் இரண்டு வாரப் பயிற்சியில் வருகிற வேலை இல்லை.

கோளாறு அவர் வராத நாட்களில் இருக்கிறது. என் சித்திக்கு அப்படி ஒரு முகாமில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சரியான மருந்துதான். ஆனால் இந்த வகை மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டலும் தலைவலியும் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதைச் சித்திக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது அந்தக் கூட்டத்தில் சொன்னது காதில் விழவில்லை. ஆறாம் நாள் நிறுத்திவிட்டார். கேட்கப் போன இடத்தில் "டாக்டர் அடுத்த மாசம்தான் வருவார்" என்றார்கள். அடுத்த மாதம் அவர் விடுப்பு. மூன்றாம் மாதம் சித்தி போகவில்லை. மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். மீதி மாத்திரை அட்டை பீரோவில் கிடந்தது. "ஒரு வாரம் குமட்டும், அப்புறம் சரியாகிவிடும், நிறுத்தாதீங்க" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

அந்த ஓர் ஆளைப் பற்றியதுதான் இரண்டாவது வழி. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சோதனை இருக்கிறது. மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் 24 மருத்துவ இடங்களில் நடத்தி, 2010-இல் வெளியிட்டது. மனநலப் படிப்பு படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். வருபவரிடம் சில கேள்விகள் கேட்பது, இது என்ன நோய் என்று விளக்குவது, வராதவரைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை. மாத்திரை எழுதுவது டாக்டர்தான். மேலே ஒரு மனநல மருத்துவர் மேற்பார்வை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அரசு நிலையங்களில் கவுன்சிலர் இருந்த பக்கம் நூற்றுக்குச் சுமார் 66 பேர் தேறியிருந்தார்கள். இல்லாத பக்கம் சுமார் 42 பேர். தனியார் டாக்டர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே டாக்டரே குடும்பத்தை அறிந்து நாலு வார்த்தை பேசுவார் என்பது என் ஊகம். அப்படியானால் குறைச்சல் பேச ஆள் இல்லாத அரசு ஓபியில்தான்.

கோவா கணக்கு மனச்சோர்வு, பதற்றம் பற்றியது. மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா)? அதற்கும் ஒரு சோதனை நடந்தது, காஞ்சிபுரமும் அதில் ஓர் இடம். 2014-இல் வெளிவந்தது. மருத்துவமனை சிகிச்சையோடு வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஊழியரும் சேர்ந்தபோது பலன் கூடியது. ஆனால் கூடியது கொஞ்சம்தான், அங்கே மனநல மருத்துவர் இல்லாமல் எதுவும் நடக்கவும் இல்லை. எனவே நர்ஸை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வழிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரசவம், தடுப்பூசி, பி.பி., சுகர் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாஃப் நர்ஸின் தலையில் இதையும் கட்டினால், கிடைப்பது இன்னொரு ரெஜிஸ்டர் மட்டும். தனி ஆள் வேண்டும். மாதா மாதம் தேதி தவறாமல் சம்பளமும் வேண்டும்.

போன் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. நள்ளிரவில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் ஒருவருக்கு மேலே சொன்ன இரண்டு வழியும் உதவாது, இது உதவும். தொடர் சிகிச்சைக்குப் போன் மட்டும் போதாது. புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010-இல் ஓட்டத் தொடங்கிய பஸ்ஸைப் பாருங்கள்: நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் டாக்டரிடம் திரையில் பேசுவார், மருந்தை அதே பஸ்ஸில் இருக்கும் மருந்தகத்தில் வாங்கிக்கொண்டு இறங்குவார். மாத்திரை கையில் கிடைத்ததால்தான் அந்தத் திரைக்கு அர்த்தம்.

அப்புறம், பெஞ்சு விஷயம். மனநல மருத்துவர் வரும் நாளில் தனி பெஞ்சு, தனி போர்டு. அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை தெரிந்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். சுகர் அட்டைக்காரர்களோடு நின்று நர்ஸைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் கணக்கில் முதல் பணம் தினமும் இருக்கிற ஆளுக்கு. மனநல மருத்துவரின் மாத வருகையை நிறுத்தச் சொல்லவில்லை, அதன் வேலையை மாற்றச் சொல்கிறேன். வரிசையில் நிற்கும் எண்பது பேருக்கும் பழைய மருந்தையே திரும்ப எழுதுவதற்குப் பதில், கவுன்சிலர் ஒதுக்கி வைத்த பத்துப் பதினைந்து சிக்கலான ஆட்களை அவர் நிதானமாகப் பார்க்கட்டும். மீதி நேரத்தில் கவுன்சிலரோடு உட்கார்ந்து, போன மாதம் வராமல் போனவர்களின் பட்டியலைப் புரட்டட்டும். மற்றவர்களுக்கு அதே மருந்தைத் தொடர நிலையத்து டாக்டரே போதும், மருந்தகத்தில் ஸ்டாக் இருந்தால்.