தாலி கட்டும் நேரத்தில் நீலத்திரை: ஒரு கேப்சர் கார்டோடு பன்னிரண்டு வருடம்

2020 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். திருவிடைமருதூர் அக்கா ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கேசட், கும்பகோணத்தில் என் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதற்காக ஓடிக்கொண்டிருந்தது. 1991இல் நடந்த அவருடைய கல்யாணம். கெட்டிமேளம் தொடங்கி, மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும் இடத்தில் படம் உறைந்தது. ஸ்பீக்கரில் நாகஸ்வரம் ஒரே சுரத்தில் கரகரவென்று இழுத்தது. இரண்டு விநாடியில் திரை நீலமாகி, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அந்த வாரத்தில் அது நான்காவது தடவை.

திரும்ப ஓடவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். கேசட் வேலையில் அது அவ்வளவு லேசு இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள்ளேயே ஈரம் ஏறும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். துடைத்து ஓட்டினாலும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டேப்பின் பூச்சு கொஞ்சம் உதிரும், கேசட் ஓட்டும் பெட்டியான விசிஆரின் ஹெட்டும் தேயும். புது விசிஆர் இனி வராது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் இருப்பவை இரண்டே இரண்டு. அதனால் எந்தக் கேசட்டையும் ஒரே ஓட்டத்தில் பிடித்துவிடப் பார்ப்பேன். அந்தக் கல்யாணக் கேசட்டில் நடமாடும் அக்காவின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. வேறு பிரதியும் கிடையாது.

விசிஆரிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியவைக்கும் கேப்சர் கார்டு, 2013இல் வாங்கியது. மதர்போர்டில் செருகும் வகை. பின்பக்கம் மஞ்சள் வீடியோ சாக்கெட்டும் எஸ்-வீடியோ சாக்கெட்டும் இருக்கும். நம் நாட்டுக் கேசட்டுகள் எல்லாம் பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிந்தவை: 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 ஃப்ரேம். அதை இந்தக் கார்டு நிறம் குழையாமல், ஆடியோ விலகாமல் பிடிக்கும். மலிவான யூஎஸ்பி கேப்சர் குச்சிகள் இரண்டை முன்பே வாங்கி ஓரமாகப் போட்டிருந்ததால், இதன் அருமை எனக்குத் தெரியும். 32 பிட் விண்டோஸ் 7, 4 ஜிபி ராம் (மெமரி), இந்தக் கார்டு. ஏறக்குறைய ஏழு வருடம் ஒரு தடவைகூட நின்றதில்லை.

2020 ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தது. சரி, மாறிவிடலாம் என்று 64 பிட் விண்டோஸ் 10 போட்டேன். எடிட்டிங் வேகமாக நடக்கட்டும் என்று அன்றைக்கே இன்னொரு 4 ஜிபி ராமையும் செருகினேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதுதான் நான் செய்த பெரிய தப்பு. நீலத்திரை வர ஆரம்பித்தபோது எதைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை.

முதலில் பார்த்த சர்வீஸ் தம்பி, "அண்ணே, போர்டு போச்சு, மாத்திருங்க" என்றார். மாற்றவில்லை, மனசு வரவில்லை. ஃபார்மட் மட்டும் இரண்டு தடவை நடந்தது. சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் லோ வோல்டேஜ் இருக்கும். ஒருவேளை அதுவோ என்று கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் புதிது, யூபிஎஸ் பேட்டரியும் புதிது. பலன் இல்லை. ராம் மேல் சந்தேகம் வந்து அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை.

மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. முகூர்த்தங்கள் எல்லாம் தள்ளிப்போயின, கையில் வேலை இல்லை. அப்போதுதான் உட்கார்ந்து ஒழுங்காகத் தேட நேரம் கிடைத்தது. நீலத்திரை வரும்போதெல்லாம், அந்த நொடியில் மெமரியில் இருந்ததில் ஒரு சிறு பகுதியை விண்டோஸ் ஒரு சின்ன ஃபைலாக எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அது இருக்கும். ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச சாஃப்ட்வேரில் அவற்றைத் திறந்தால், எந்த டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு இணைத்து இயக்கும் சாஃப்ட்வேர்) ஃபைல் ஓடும்போது விழுந்தது என்று காட்டும். என்னிடம் பதினொரு ஃபைல் இருந்தன. ஒன்று கிராபிக்ஸ் டிரைவர் என்றது, இன்னொன்று ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் பகுதி என்றது. மூன்றில் மட்டும் கேப்சர் கார்டின் டிரைவர். பிழைப் பெயரும் ஒன்றுபோல இல்லை: ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், அப்புறம் டிரைவர் ஐஆர்க்யூஎல்.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுவார்கள். நானும் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிறகு தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பதினொன்றும் கேசட் ஓடும்போது விழுந்தவை. எடிட்டிங்கில் ஒன்று இல்லை, சும்மா இருக்கும்போது ஒன்று இல்லை. கேப்சர் தொடங்கிப் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விழுகிறது. பெயர் எதுவாக இருந்தாலும் வேர் கார்டில்தான்.

தஞ்சாவூரில் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) வேலை பார்க்கும் என் மாமா மகன் போனில் ஒரே கேள்விதான் கேட்டான்: "மாப்ளே, இப்போ மொத்தம் எவ்வளவு ராம்?" எட்டு என்றேன். "நாலுக்குக் கீழே இறக்கிப் பாரு."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கேப்சர் கார்டு படத்தை பிராசசர் கையில் கொடுத்து மெமரியில் வைக்கச் சொல்வதில்லை; நேராகத் தானே ராமில் எழுதிவிடும். எங்கே எழுத வேண்டும் என்ற முகவரியை டிரைவர் கொடுக்கும். பழைய கார்டுகளுக்கு 32 பிட் முகவரிதான் தெரியும். அதை வைத்து 4 ஜிபி எல்லை வரைதான் சுட்ட முடியும். படத்துக்கான இடம் அந்த எல்லைக்கு மேலே அமைந்துவிட்டால், அதைக் கீழே இருக்கும் ஒரு இடைத்தாங்கல் (தற்காலிக இடம்) வழியாகக் கொண்டுபோக டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும். என் கார்டின் டிரைவர் அதைச் சரியாகச் செய்யவில்லை. முகவரியின் மேல்பகுதி வெட்டுப்பட்டு, கார்டு வேறு எங்கேயோ கொண்டுபோய் எழுதியது. பால் படத்துக்கு விநாடிக்குச் சுமார் 20 மெகாபைட். மதகு மாறிப் பாய்ந்த தண்ணீர் அடுத்தவன் நாற்றங்காலை அழுகவைப்பது போல, அந்த இடத்தில் இருந்தது எதுவோ அது கெட்டது. கெட்ட இடத்தைத் தொட்டவன் பெயர்தான் மினிடம்பில் வந்தது; அதனால்தான் தினம் ஒரு பெயர். பழைய 32 பிட் விண்டோஸ் 7 அந்த எல்லைக்கு மேலே போகவே போகாது. 4 ஜிபி போட்டும் 3.2 என்று காட்டுகிறதே என்று அன்றைக்கு வருத்தப்பட்டிருக்கிறேன். அதுதான் என் கேசட்டுகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் மேக்ஸிமம் மெமரி என்ற இடத்தில் 3072 என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். 4096 கொடுக்க வேண்டாம். மதர்போர்டு தன் கருவிகளுக்காக 4 ஜிபிக்குக் கீழே கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டு, அந்த அளவு ராமை எல்லைக்கு மேலே தள்ளிவைக்கும். அதனால் மூன்று ஜிபிதான் பத்திரம்.

வீணாய்ப்போன ஒரு சினிமா கேசட்டைப் போட்டு, ரீவைண்ட் செய்து திரும்பத் திரும்ப ஒன்பது மணி நேரம் ஓடவிட்டேன். நிற்கவில்லை. வரம்பை எடுத்துவிட்டு ஓட்டினேன், முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நீலத்திரை. மறுபடி வரம்பு போட்டேன், நிற்கவில்லை. இதே மாதிரி இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் விழாமல் இருந்ததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

கார்டு கம்பெனிக்கு எழுதினேன். அந்த மாடலுக்குப் புது டிரைவர் வெளியிடுவதில்லை என்று பதில் வந்தது. விற்ற பொருளில் இருக்கிற குறையை இப்படி விட்டுவிடுவது சரியில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கார்டு நல்ல கார்டு.

சரி, கேப்சருக்கு என்று ஒரு கம்ப்யூட்டரைத் தனியாகவே ஒதுக்கிவிட்டேன். சேர்த்த ராமைக் கழற்றி எடிட்டிங் கம்ப்யூட்டரில் போட்டேன். இதில் 4 ஜிபி, அதிலும் 3072 வரம்பு. இணைய இணைப்பு கிடையாது. இணையத்தில் இல்லாததால் 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் இதைப் பாதிக்கவில்லை. தேவையில்லாத சில டிரைவர்கள் உள்ளேயே தங்கியிருந்தன. விண்டோஸின் பிஎன்பி யூடில் கட்டளையால் பட்டியல் எடுத்து அவற்றை நீக்கினேன். ஸ்லீப் மோடை நிறுத்தினேன். விசிஆருக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்தேன், ஆடுகிற சிக்னலை அது நிலைப்படுத்துகிறது. கேப்சருக்கு விர்ச்சுவல்டப் என்ற சாஃப்ட்வேர், வேறு எதுவும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஐந்நூறு கேசட்டுக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. நீலத்திரை வரவில்லை. இடையில் கரண்ட் போனதும் டேப் சிக்கியதும் தனிக் கதை.

கோயில் திருவிழா நேரலைக்கு இந்தக் கார்டு உதவாது. அதற்கு எச்டிஎம்ஐ வாங்கி யூஎஸ்பியில் தரும் பெட்டி ஒன்று 2022இல் வாங்கினேன். வாங்கும்போது நான் கேட்டது, அது யூவிசி வகையா என்பதுதான். வெப்கேமரா மாதிரி, விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரிலேயே அது ஓடும், கம்பெனி டிரைவர் எதையும் உள்ளே விட வேண்டாம். நீல நிற யூஎஸ்பி 3 சாக்கெட்டில் மட்டும் செருக வேண்டும். யூஎஸ்பி 2இல் முழு எச்டி படத்தைச் சுருக்காமல் அனுப்ப முடியாது. மடியில் வைத்து ஓட்டும் லேப்டாப் என்றால் பவர் ஆப்ஷனில், மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள். ஒருமுறை அது அணைக்காமல் இருந்து, தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் படம் போய்விட்டது.

அந்த அக்காவின் கேசட்டை மே மாதம் மறுபடி ஏற்றினேன். பூஞ்சையால் இரண்டு இடத்தில் கோடு விழுந்திருந்தது, மற்றபடி முழுசாக வந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் வந்து, ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பார்த்தார். அப்பா பந்தியில் நின்று, "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடுப்பா" என்று சத்தம் போடும் இடத்தை மூன்று தடவை போடச் சொன்னார்.

போன வருடம் சென்னை ரிச்சி தெருவில் இதே மாடல் கார்டு பழையதாக ஒன்று கிடைத்தது. வாங்கி, சோதித்து, சிலிக்கா ஜெல் போட்டுக் கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். டிரைவர் சிடியை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில்.