ஒரே ஜோடி ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு இருக்கின்றன. இசைத்தட்டுக் கேட்பதற்காகப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும், சேனலுக்கு 50 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, டி.வி.யில் படம் பார்ப்பதற்காகப் பின்னால் வாங்கிய ஏ.வி. ரிசீவர் மற்றொன்று. ரிசீவரில் ப்ரீ-அவுட்டும் (ஸ்பீக்கருக்காகப் பெருக்குவதற்கு முந்தைய சிக்னலை வெளியே தரும் முனை) ஸ்டீரியோவில் 'மெயின் இன்' உள்ளீடும் (அந்தச் சிக்னலை நேரே பவர் பகுதிக்குள் வாங்கும் முனை) இருந்திருந்தால் ஸ்பீக்கர்களை ஸ்டீரியோவிலேயே நிலையாக மாட்டிவிட்டு, ரிசீவரின் முன்பக்கச் சேனல்களை அதற்குள் அனுப்பியிருப்பேன். அந்த வசதி உள்ளவர்கள் அதையே செய்யலாம். அவர்களுக்கு நான் இங்கே சொல்லப்போகும் எதுவும் தேவையில்லை. என்னுடைய இரண்டு கருவிகளிலும் அந்த வசதி இல்லாததால், ஸ்பீக்கர் ஒயரையே மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச் ஒன்றை நாட வேண்டியதாயிற்று.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் ஒயர்களையும் ஸ்பீக்கரின் முனையில் சேர்த்து முறுக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கினால் போதுமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அது ஏன் ஆபத்து என்பது ஒரு சிறு கணக்கிலேயே தெரிந்துவிடும். டாம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் மின்தடை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடையைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) 100 என்று குறிப்பிடப்பட்ட ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை, 8 ஓம் ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தால், 0.08 ஓம் மட்டுமே. அரை வாட் அளவில், அதாவது 2 வோல்ட்டில், மெல்லிய பாட்டு ஒன்று ஓடும்போது ஸ்பீக்கருக்குள் கால் ஆம்பியர்தான் செல்கிறது. அதே 2 வோல்ட் இயங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டைச் சந்தித்தால், ஒயரின் மின்தடையைக் கணக்கில் சேர்க்காதபோது, இரண்டு 0.08 ஓம்களின் வழியே 12.5 ஆம்பியர் பாயப் பார்க்கும். ஒலியைச் சற்றுக் கூட்டினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றை அணைத்து வைத்தாலும் முழுப் பாதுகாப்பில்லை. அணைந்ததும் வெளியீட்டைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எல்லா ஆம்ப்ளிஃபயர்களிலும் இருப்பதில்லை. அப்படியே இருந்தாலும், வீட்டில் வேறொருவர் ரிமோட்டை அழுத்திவிட்டால் அந்தக் காவல் அத்துடன் முடிந்தது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இ.பி. இணைப்பும் ஜெனரேட்டரும் ஒரு நொடிகூடச் சந்திக்காதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுகிறோம் அல்லவா, இங்கேயும் வேண்டியது அதுவேதான்.

இது புரிந்த பின்னும் நான் முதலில் வாங்கியது, பொத்தான்களை அழுத்தி மாற்றும் மலிவான பெட்டி. ஒரு ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட அதனை, திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம் என்று விற்றார்கள். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன. எல்லா மைனஸ் முனைகளும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. சுவிட்ச் பிளஸ் ஒயரை மட்டுமே மாற்றியது. அதைவிட மோசம், இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் இரண்டும் உள்ளேயே நின்றன. ஒரு ஆம்ப்ளிஃபயர் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை ஓட்டும்போது அது வசதி. நான் பயன்படுத்த நினைத்த விதத்தில் அதுவே விபத்து. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ரிச்சி தெருவில் விசாரித்து வாங்கியது, மோட்டார் பேனல்களில் போடும், குமிழைத் திருப்பி மாற்றும் கேம் சுவிட்ச்: நான்கு போல் (நான்கு ஒயர்களைத் தனித்தனியே மாற்றுவது), 16 ஆம்பியர், 1–0–2 என்று மூன்று நிலைகள். ஸ்டீரியோவின் இடம், வலம், ஒவ்வொன்றிலும் பிளஸ், மைனஸ் என நான்கு ஒயர்களையும் ஒரே திருப்பில் இது முழுவதுமாக மாற்றிவிடுகிறது. முதல் ஆம்ப்ளிஃபயரிலிருந்து விடுபட்டு, எதனுடனும் சேராத 0 நிலையைக் கடந்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுகிறது என்பதே இதன் முக்கியமான குணம். 50 வாட், 8 ஓம் என்றால் செல்வது 2.5 ஆம்பியர், நூறு வாட்டை 4 ஓமில் கொடுத்தாலும் 5 ஆம்பியர்தான். ஆகவே 16 ஆம்பியர் தாராளம். சர்க்யூட் போர்டுகளில் வரும் சிறிய பிளாஸ்டிக் ரோட்டரி சுவிட்சுகள் ஒரு ஆம்பியரைக்கூடத் தாங்காதவை என்பதால் அவற்றின் பக்கம் போகவில்லை.

2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, பிரிந்து நிற்கும் இழைகள் பக்கத்து முனையைத் தொட்டுவிடாதபடி ஒவ்வொரு நுனியிலும் லக் (உலோக முனை) அடித்து முடித்தேன். ஆம்ப்ளிஃபயர்களை மாட்டுவதற்கு முன், ஒன்றின் நான்கு முனைகளுக்கும் மற்றதன் நான்கு முனைகளுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை என்பதை மூன்று நிலைகளிலும், ஆக 48 முறை, மல்டிமீட்டரால் சோதித்தேன். வீட்டில் சிரித்தார்கள். இருந்தாலும் இந்த வேலையில் நான் செய்த மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அதுதான்.

ஒலியில் ஏதேனும் குறைந்ததா என்று கேட்டால், என் காதுக்கு எதுவும் தெரியவில்லை. சுவிட்சை இணைத்த பிறகே அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் ரிசீவரின் மைக் அளவீட்டை மறுபடியும் ஓட்டினேன். மாற்றும்போது ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுத் திருப்புவதே எங்கள் வழக்கம். நடுவில் சிறிது நேரம் ஸ்பீக்கர் இல்லாமல் நிற்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் செய்யாது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் விஷயம் வேறு. ஸ்பீக்கர் இணைப்பின்றி அதற்குப் பாட்டைக் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மிகை மின்னழுத்தம் எழுந்து அதையே பாழாக்கிவிடலாம். நண்பர் தம்முடைய வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒரு வாரம் கொடுத்து வைத்திருந்தபோது, அதை அணைத்த பிறகே சுவிட்சைத் தொட்டேன்.

நான்கு போலுக்குக் கொடுத்த காசு இரண்டாம் ஆண்டில்தான் பலன் தந்தது. ஸ்டீரியோவைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த சமயத்தில், 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயரை அதன் இடத்தில் மாட்டினேன். இந்த வகையில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஓட்டும் விதத்தில், இயங்குகின்றன. மைனஸ் என்று எழுதப்பட்ட முனையும் கிரவுண்டு அன்று, அதிலும் ஏறத்தாழ 12 வோல்ட் டி.சி. நிற்கிறது. இரு முனைகளிலும் ஒரே அளவு இருப்பதால் ஸ்பீக்கருக்கு அது தெரிவதில்லை. ஆனால் மைனஸ்கள் ஒன்றாகச் சேர்ந்த அந்தப் பழைய பெட்டியை வைத்திருந்தால், டி.வி.யிலிருந்து இரண்டுக்கும் செல்லும் ஆர்.சி.ஏ. ஒயர்களின் கிரவுண்டு வழியாக ஆம்ப்ளிஃபயரின் பாதி நேரே ஷார்ட் ஆகியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது மழைக்காலத்தில் இடப்பக்கம் மெல்லிய ஒலியில் மங்கிப்போய், சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வந்தது. முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகித்து அதைக் கழற்றி வைத்தேன், வீண் வேலை. பெரிய மின்னோட்டத்துக்கான காண்டாக்ட்களில் படியும் மெல்லிய படலத்தைக் குறைந்த வோல்ட்டேஜால் உடைக்க முடிவதில்லை என்பதே காரணம். கடற்காற்றும் ஈரமும் உள்ள சென்னையில் அது சீக்கிரமே படிகிறது. ஆம்ப்ளிஃபயர்களை அணைத்துவிட்டுக் குமிழை இருபது முறை முன்னும் பின்னும் திருப்பியதிலேயே பெரும்பகுதி சரியாயிற்று. மீதியைக் காண்டாக்ட் கிளீனர் சரிசெய்தது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்குவதற்கு முன், அதைச் செய்துவிடுகிறேன்.

ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் திருப்ப வேண்டியிருப்பதுதான் மீதமுள்ள ஒரே சலிப்பு. ரிசீவர் இயங்கும்போது வெளியே தரும் 12 வோல்ட் டிரிக்கரைக் கொண்டு ரிலேக்களை இயக்கினால், ரிசீவரைப் போட்டதும் ஸ்பீக்கர்கள் அதற்குப் போய்விடும், அணைத்தால் ஸ்டீரியோவுக்குத் திரும்பிவிடும். அதற்கான ரிலேக்களை வாங்கிக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்டீரியோவில் பாட்டு உரக்க ஓடும்போது யாராவது டி.வி.யைப் போட்டால், அந்தச் சுமையிலேயே ரிலே மாற வேண்டியிருக்கும்; காண்டாக்ட்களுக்கு இடையே உள்ள சிறிய இடைவெளியில் தீப்பொறி நீண்டால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் அதன் வழியே சந்தித்துவிடும். கேம் சுவிட்சில் நடுவே 0 இருக்கிறது, அதைத் திருப்பும் கையும் முதலில் ஒலியைக் குறைத்துவிட்டே வருகிறது. ரிலேக்கள் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன.